ஷட் டவுண் ஆக மறுக்கும் கம்ப்யூட்டர்: சுவிட்சை அணைக்கும் முன் இதைப் படியுங்கள்

தியாகதுருகத்தில் இருக்கும் அக்கா வீட்டிற்கு அண்மையில் சென்றிருந்தேன். மாமா விதை, உரக்கடை வைத்திருக்கிறார். கடன் வாங்கிச் சென்ற விவசாயிகளின் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் பைலாக வைத்திருந்தார். பிளஸ் 2 முடித்த அக்கா மகள், கல்லூரி விண்ணப்பத்திற்காகத் தன் சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து அதே கம்ப்யூட்டரில் சேமித்திருந்தாள். பழைய கம்ப்யூட்டர்தான், இரண்டாம் கையாக வாங்கியது.

நான் போன அன்று காலையில் அந்தக் கணக்குப் பைல் திறக்கவில்லை. பைல் கெட்டுவிட்டது என்று செய்தி வந்தது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து ராத்திரி எப்படி நிறுத்துனீங்க?" என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான். ஷட் டவுண் கொடுத்தா ஸ்கிரீன் கருப்பாகும், ஆனா பெட்டி ஓடிக்கிட்டே இருக்கும். அதான் சுவிட்சை அணைச்சிட்டுப் படுத்துடுவோம். அது நிக்காதுன்னு தெரிஞ்சதால இப்பல்லாம் ஷட் டவுணே கொடுக்கிறதில்லை" என்றார். பல நாட்களாக எக்ஸெல் பைலைக் கூட மூடாமல் நேராக சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இதே பழக்கம் உள்ளது. ஷட் டவுண் ஆகவில்லை என்பது சிறிய தொந்தரவாகத்தான் தோன்றும். ஆனால், அதற்காக நாம் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிதான் பெரிய ஆபத்து. இந்தப் பிரச்னை ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரி செய்வது என்று இங்கு பார்க்கலாம். விண்டோஸ் 10 மற்றும் விண்டோஸ் 11 சிஸ்டங்களை மனதில் கொண்டு குறிப்புகள் தரப்படுகின்றன.

ஷட் டவுண் என்றால் என்ன நடக்கிறது?

கடைவீதியில் இரவு கடையைக் கட்டும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் வந்திருக்கும் வாடிக்கையாளரை அனுப்ப வேண்டும். கல்லாவை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். வெளியே இருக்கும் சரக்கை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் விளக்கை அணைத்து ஷட்டரை இறக்குவார்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

ஷட் டவுண் கொடுத்தவுடன், திறந்திருக்கும் ஒவ்வொரு ப்ரோகிராமையும் விண்டோஸ் கேட்கிறது: "முடித்துக் கொள்ளலாமா?" சேமிக்காத வேலை ஏதாவது இருந்தால் அந்த ப்ரோகிராம் "பொறு" என்று சொல்லும். சில விநாடிகள் பார்த்துவிட்டு, எந்த ப்ரோகிராம் தடுக்கிறது என்ற பட்டியலைத் திரையில் விண்டோஸ் காட்டும். அடுத்து, பின்னணியில் இயங்கும் சர்வீஸ் ப்ரோகிராம்கள் நிறுத்தப்படும். பின்னர், மெமரியில் காத்திருக்கும் தகவல்கள் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படும். பிரிண்டர், நெட்வொர்க் போன்ற சாதனங்களுக்கான டிரைவர்கள் விடை பெறும். கடைசியாக, மின்சாரத்தை நிறுத்து என்ற கட்டளை மதர் போர்டுக்குச் செல்லும். இந்த வரிசையில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் கடையைக் கட்ட முடியாது.

இந்தக் கடைசிக் கட்டளை அந்நாளில் கிடையாது. விண்டோஸ் 95 காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில், "இப்போது கம்ப்யூட்டரை அணைக்கலாம்" என்ற செய்தி ஆரஞ்சு நிற எழுத்துக்களில் வரும். நாம்தான் பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். ஏ.டி.எக்ஸ். வகை பவர் சப்ளையும், ஏ.சி.பி.ஐ. என்ற மின் நிர்வாக வரைமுறையும் 1990களின் பிற்பாதியில் பரவிய பிறகுதான் கம்ப்யூட்டர் தானாக நிற்கக் கற்றுக் கொண்டது. கற்றுக் கொண்ட நாள் முதல் இந்தத் தகராறும் உண்டு. 1999ல் வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனில் ஷட் டவுண் பிரச்னை பலருக்கு வந்ததால், இதைத் தீர்ப்பதற்கென்றே தனியாக ஒரு சப்ளிமென்ட் பைலை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. ஆகவே உங்கள் கம்ப்யூட்டர் மட்டும் ராசியில்லாதது என்று எண்ண வேண்டாம்.

சுவிட்சை அணைத்தால் என்ன ஆகும்?

நீங்கள் சேவ் செய்தவுடன் எல்லாத் தகவலும் அந்தக் கணமே டிஸ்க்கில் போய் உட்கார்ந்து விடுவதில்லை. வேகத்திற்காகக் கொஞ்சம் மெமரியில் வைத்திருந்து பிறகு எழுதப்படும். எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய நோட்டுப் புத்தகம் போல ஆகிவிடும். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எப்.எஸ். முறையில் ஒரு பாதுகாப்பு உண்டு. டிஸ்க்கின் அட்டவணையில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக் கொள்ளும். எனவே அட்டவணையைச் சரி செய்துவிட முடியும். ஆனால் உங்கள் பைலுக்கு உள்ளே இருக்கும் எழுத்துக்கும் எண்ணுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. மாமாவின் கணக்குக்கு நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் நன்றாக பூட் ஆனது, பைல்தான் போய்விட்டது.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஷட் டவுண் ஆகவில்லை என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவரிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வது போலாகும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். நான்கு வகைகள் உண்டு.

1. ஏதோ ஒரு ப்ரோகிராம் தடுப்பதாகப் பட்டியல் வருகிறது.

2. "ஷட்டிங் டவுண்" என்ற சொற்களுடன் சிறிய வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது.

3. திரை கருப்பாகிவிடுகிறது. ஆனால் பேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது.

4. நின்றுவிடுகிறது. ஆனால் தானாக மீண்டும் உயிர் பெறுகிறது.

உங்களுடையது எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வகை: ப்ரோகிராம் தடுப்பது

இது மிக எளிது. திரையில் "ஷட் டவுண் எனிவே", "கேன்சல்" என இரண்டு பட்டன்கள் இருக்கும். அவசரப்பட்டு முதல் பட்டனை அழுத்த வேண்டாம். கேன்சல் கொடுத்து, பட்டியலில் இருந்த ப்ரோகிராமுக்குச் சென்று, வேலையை சேவ் செய்து மூடுங்கள். பிறகு ஷட் டவுண் கொடுங்கள். மூடவே முடியாமல் உறைந்து நிற்கும் ப்ரோகிராம் என்றால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் கிடைக்கும். அதில் அந்த ப்ரோகிராமைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். சேவ் செய்யாதவை போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

தினமும் ஒரே ப்ரோகிராம்தான் தடுக்கிறது என்றால் அதன் புதிய பதிப்பைப் போடுங்கள். தேவையில்லாதது என்றால் நீக்கிவிடுங்கள்.

இரண்டாம் வகை: சுற்றிக் கொண்டே இருப்பது

முதலில் பொறுமை. திரையில் அப்டேட் என்ற சொல்லும் சதவீதக் கணக்கும் தெரிந்தால், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக் கொண்டிருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் இது அரை மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். இந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் அடுத்த நாள் விண்டோஸ் பூட் ஆகாமலே போகலாம். எனவே மின்வெட்டு வரும் நேரம் என்று தெரிந்தால் அப்டேட் வேலையை அப்போது தொடங்காதீர்கள்.

அப்டேட் எதுவும் இல்லாமலே சுற்றுகிறதா? அடுத்த முறை ஷட் டவுண் செய்யும் முன் பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், வெப் கேமரா எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கீ போர்டும் மவுசும் மட்டும் இருக்கட்டும். இப்போது சரியாக நின்றால் குற்றவாளி வெளியேதான் இருக்கிறான். மறுநாள் முதல் ஒவ்வொன்றாக இணைத்துப் பாருங்கள். எதை இணைத்தபோது பிரச்னை திரும்புகிறதோ அதன் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றியும் பயனில்லை என்றால் பின்னணி சர்வீஸ்களைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் சிஸ்டம் கான்பிகரேஷன் எனத் தேடி அதனைத் திறக்கவும். கிடைக்கும் விண்டோவில் சர்வீசஸ் டேபில் கிளிக் செய்திடுங்கள். கீழே "ஹைட் ஆல் மைக்ரோசாப்ட் சர்வீசஸ்" என்ற வரி இருக்கும். அதில் கட்டாயம் டிக் அடையாளம் இடுங்கள். இதை மறந்தால் விண்டோஸுக்கே தேவையானவற்றையும் நிறுத்திவிடுவீர்கள். இப்போது மீதம் தெரிபவை மற்றவர்களின் சர்வீஸ்கள். அவற்றில் பாதியின் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே அழுத்தி, ரீ ஸ்டார்ட் செய்து, பின் ஷட் டவுண் கொடுத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி நீங்கள் நிறுத்திய பாதியில் இருக்கிறான். இல்லையென்றால் மற்ற பாதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக் கொண்டு வந்தால், 16 சர்வீஸ்கள் இருந்தாலும் 4 முறையில் ஆளைப் பிடித்துவிடலாம். கண்டுபிடித்த பிறகு மற்றவற்றிற்கு மீண்டும் டிக் இட்டுவிடுங்கள்.

மூன்றாம் வகை: திரை கருப்பு, பேன் மட்டும் ஓடுவது

அக்கா வீட்டில் இருந்தது இந்த வகைதான். இங்கே ஒரு எளிய சோதனை உண்டு. ஷட் டவுண் கொடுப்பதற்குப் பதிலாக ரீ ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ரீ ஸ்டார்ட் ஒழுங்காக நடக்கிறது, ஷட் டவுண் மட்டும் தகராறு செய்கிறது என்றால், பாஸ்ட் ஸ்டார்ட் அப் என்ற வசதியின் மீது முதல் சந்தேகம் விழ வேண்டும்.

2012ல் வந்த விண்டோஸ் 8ல் இந்த வசதி அறிமுகமானது. இது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுண் கொடுத்தால், உங்கள் ப்ரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்கரு முழுவதுமாக மூடப்படுவதில்லை. அதன் நிலை அப்படியே டிஸ்க்கில் ஒரு பைலாக எழுதி வைக்கப்படும். மறுநாள் அதைப் படித்து வேகமாக எழுந்து கொள்ளும். அதாவது, நிற்பது போல் தெரிந்தாலும் அது பாதித் தூக்கம். பழைய மதர் போர்டுகளும் பழைய டிரைவர்களும் இந்தப் பாதித் தூக்கத்தில் சில நேரம் குழம்பிவிடும். ரீ ஸ்டார்ட் கொடுக்கும்போது மட்டும் விண்டோஸ் முழுமையாக மூடித் திறக்கும். அதனால்தான் அது சரியாக நடக்கிறது.

இந்தப் பாதித் தூக்கத்தை நீங்களே கண்ணால் பார்க்கலாம். டாஸ்க் மானேஜரில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குச் சென்று சி.பி.யு. என்பதில் கிளிக் செய்திடுங்கள். அப் டைம் என்று ஒரு கணக்கு இருக்கும். தினமும் இரவு கம்ப்யூட்டரை நிறுத்துகிறீர்கள். ஆனால் அங்கே 6 நாட்கள், 9 நாட்கள் என்று காட்டினால் பாஸ்ட் ஸ்டார்ட் அப் வேலை செய்கிறது என்று பொருள்.

இதனை நிறுத்தும் வழி: கண்ட்ரோல் பேனல் திறந்து, ஹார்ட்வேர் அன்ட் சவுண்ட் பிரிவில் பவர் ஆப்ஷன்ஸ் செல்லவும். இடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு" என்ற வரியில் கிளிக் செய்திடவும். அடுத்த பக்கத்தில் மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்" என்று இருக்கும். அதில் கிளிக் செய்தால்தான் கீழே இருப்பவற்றை மாற்ற முடியும். இப்போது "டர்ன் ஆன் பாஸ்ட் ஸ்டார்ட் அப்" என்பதற்கு எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு, சேவ் சேஞ்சஸ் கொடுத்து வெளியேறவும். காலையில் பூட் ஆகச் சில விநாடிகள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். நிரந்தரமாக மாற்றும் முன் ஒரு முறை மட்டும் சோதிக்க விரும்பினால், ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டே ஷட் டவுணில் கிளிக் செய்திடுங்கள். அந்த ஒரு முறை முழுமையாக மூடும்.

மாமா வீட்டில் முதலில் ஷிப்ட் கீ சோதனையைச் செய்தேன். பேன் நின்றது. விளக்கு அணைந்தது. அறை அமைதியானது. பிறகு டிக் அடையாளத்தை எடுத்துவிட்டேன். இத்தனை நாள் தகராறு ஐந்து நிமிட வேலையாக முடிந்தது.

இதற்கும் மசியவில்லை என்றால் மதர் போர்டு சார்ந்த டிரைவர்களைப் பார்க்க வேண்டும். 2015ல் விண்டோஸ் 10 வந்த புதிதில், இன்டெல் மேனேஜ்மென்ட் இன்ஜின் என்ற பகுதிக்கான டிரைவரால் பல லேப்டாப்கள் இப்படிக் கருப்புத் திரையுடன் ஓடிக் கொண்டே இருந்தன. அந்தந்த மாடலுக்கு ஏற்ற டிரைவரைப் போட்ட பிறகு சரியாயின. உங்கள் கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் இணைய தளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து சிப்செட் டிரைவர்களை இறக்கிக் கொள்ளுங்கள். கண்ட இடத்தில் கிடைக்கும் டிரைவர் அப்டேட்டர் ப்ரோகிராம்களை நம்ப வேண்டாம். பயாஸ் அப்டேட் செய்வதானால், யு.பி.எஸ். இல்லாமல் தொடவே தொடாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் மதர் போர்டே பயனற்றுப் போகலாம்.

நான்காம் வகை: தானாக உயிர் பெறுவது

ஷட் டவுண் ஆகும்போது பிழை ஏற்பட்டால், தானாக ரீ ஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கும். பிழைத் திரை ஒரு நொடி வந்து போவதால் நாம் கவனிப்பதில்லை. "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" எனத் தேடித் திறந்து, ஸ்டார்ட் அப் அன்ட் ரெகவரி பிரிவில் செட்டிங்ஸ் கிளிக் செய்து, "ஆட்டோமேட்டிக்கலி ரீ ஸ்டார்ட்" என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இனி பிழை வந்தால் அந்தத் திரை அப்படியே நிற்கும். அதில் உள்ள பிழைக் குறியீட்டை எழுதி வைத்துக் கொண்டால் பழுது பார்ப்பவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. "அப்டேட் அன்ட் ஷட் டவுண்" கொடுத்துவிட்டுப் படுத்தால், காலையில் கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும். இது நம் தவறு அல்ல. விண்டோஸிலேயே இருந்த குறை. விண்டோஸ் 11ல் இதனைச் சரி செய்யும் அப்டேட்டை 2025 அக்டோபர் இறுதியில்தான் மைக்ரோசாப்ட் தந்தது. உங்களுக்கு இன்னும் அப்படி நடந்தால் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று நிலுவையில் உள்ளவற்றைப் போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது.

நடந்ததை விண்டோஸிடமே கேளுங்கள்

ஒவ்வொரு முறை நின்றதையும் விண்டோஸ் எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் எனத் தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதில் சிஸ்டம் பிரிவைப் பாருங்கள். 1074 என்ற எண், யார் ஷட் டவுண் கொடுத்தது என்பதைச் சொல்லும். 6006 ஒழுங்காக மூடியதற்கான அடையாளம். 6008 மற்றும் 41 என்ற எண்கள், முறையாக மூடாமல் நின்றதைக் குறிக்கும். மாமா கம்ப்யூட்டரில் 6008 வரிசையாக நின்றது. அந்தப் பட்டியலைக் காட்டியதும்தான் அவருக்கு விஷயம் உறைத்தது.

வேறு வழியே இல்லாதபோது

உறைந்து போய் எதுவும் நடக்காதபோது சுவரில் உள்ள சுவிட்சைத் தொட வேண்டாம். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். மினுக்கினால் எழுதும் வேலை நடக்கிறது, காத்திருங்கள். விளக்கு அமைதியாகி, சில நிமிடங்கள் கழிந்த பிறகு, கம்ப்யூட்டரின் பவர் பட்டனை விடாமல் 5 முதல் 10 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிடும். இதுவும் முறையான நிறுத்தம் அல்ல, அவசரத்திற்கு மட்டும். மறுநாள் பைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் எனச் சென்று டிஸ்க்கைச் சோதித்துவிடுங்கள்.

மாமாவின் கணக்கு என்ன ஆயிற்று?

எக்ஸெலில் ஒரு வழி உண்டு. பைல் மெனுவில் ஓப்பன், ப்ரவுஸ் எனச் சென்று கெட்டுப்போன பைலைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பட்டனின் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியில் கிளிக் செய்து, "ஓப்பன் அன்ட் ரிப்பேர்" கொடுக்கலாம். பல பைல்கள் இதில் பிழைக்கும். மாமாவின் பைல் பிழைக்கவில்லை. நல்ல வேளையாக, மூன்று வாரத்திற்கு முன் அக்கா மகள் தன் சான்றிதழ்களை பென் டிரைவில் காப்பி செய்தபோது அப்பாவின் கணக்கையும் சேர்த்து எடுத்து வைத்திருந்தாள். மீதி மூன்று வாரக் கணக்கை பில் புத்தகத்தைப் பார்த்து இருவரும் இரண்டு இரவு உட்கார்ந்து ஏற்றினார்கள். பில் புத்தகத்தில் எழுதாமல் வாய்மொழியாகக் கொடுத்த கடன் சில இருந்தனவாம். அவற்றை வாங்கியவர்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

எனவே இன்று இரவு கம்ப்யூட்டரை நிறுத்தும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். முக்கியமான பைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, அதைப் பத்திரமாகக் கழற்றி வையுங்கள். பிறகு எல்லா ப்ரோகிராம்களையும் மூடிவிட்டு, ஷட் டவுண் கொடுத்து, விளக்கு அணையும் வரை பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அணையவில்லை என்றால், நான்கு வகையில் எது என்று ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். மீதியை இந்தப் பக்கங்களைப் பார்த்து நீங்களே சரி செய்துவிடலாம்.